கறியை விடுவதும் ஹராமாக்குவதும்

மாமிசம் உண்பது கூடுமா என்று நம் மக்களில் எவரும் ஆலிம்களிடம் வந்து கேட்பதில்லை. கூடும் என்பது பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். உண்ணாமல் இருப்பது கூடுமா என்னும் கேள்விதான், கம்பம் பள்ளத்தாக்கில் இமாமத் செய்துவரும் இந்த ஒன்பது ஆண்டுகளில் ஐந்தாறு முறை என்னிடம் வந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் அது வேறு வேறு கோலத்தில் வந்தது. அவற்றுள் ஒன்றுக்கு நான் அளித்த பதில் கிதாபுப்படி சரியாகவும், கேட்டவருக்குப் பயனற்றதாகவும் போயிற்று. அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் மஹல்லாவில் அறுபது வயதை எட்டிய ஓர் அம்மையார் இருக்கிறார். அவருடைய மகன் ஜீப் ஓட்டுகிறார். விடியற்காலையில் எங்கள் ஊர்களிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் ஜீப்புகளை இப்பகுதி வாசகர்கள் அறிவார்கள். கம்பம் மெட்டு, குமுளி, போடி மெட்டு என்று மூன்று வழிகளிலும் மலை ஏறி, இடுக்கி மாவட்டத்து ஏலக்காடுகளில் ஆட்களை இறக்கிவிட்டு, பொழுது சாயும் நேரம் திரும்பக் கூட்டி வருவார்கள். வளைவுகள் நிறைந்த பாதை. பனிக்காலத்தில் முன்னால் போகும் வண்டி தெரியாது. அந்தத் தாய்க்கு மகன் வீடு திரும்பும்வரை தஸ்பீஹ் கையைவிட்டு இறங்காது.

அந்த மகனுக்கு ஆறு வயதாக இருந்தபோது மஞ்சள் காமாலை முற்றி, மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்களாம். அங்கே வராந்தாவில் உட்கார்ந்துகொண்டு அந்தத் தாய் இரு கையேந்தி, "யா அல்லாஹ், எம்புள்ளயத் திருப்பிக் கொடு, இனிமே கறி எனக்கு ஹராம்" என்று சொல்லிவிட்டார். பிள்ளை பிழைத்துக்கொண்டான். அன்றிலிருந்து இருபத்துநான்கு ஆண்டுகளாக அவர் கறி தொடவில்லை. முதலில் ஆட்டுக்கறியும் மாட்டுக்கறியும் மட்டும் நின்றன. பின்னர் கோழியும் ஒருவேளை கறிதானோ என்னும் ஐயம் வந்து, கோழியும் நின்றது. அதற்குப் பிறகு மீன். மகன் ஜீப் ஸ்டியரிங்கைப் பிடித்த நாளிலிருந்து, கறி ஆக்கிய சட்டியில் ஆக்கிய ஆணத்தையும் தொடுவதில்லை. பெருநாளன்று வீடு முழுக்க நெய்ச்சோறும் தாளிச்சாவும் மணக்கும்போது, அவர் தனி அடுப்பில் ரசம் வைத்துக்கொள்வார்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவரை மகள் என்னிடம் கூட்டி வந்தாள். உடம்பில் இரத்தம் குறைந்துவிட்டது, படியேறினால் மூச்சு வாங்குகிறது; மருத்துவர் மாத்திரை கொடுத்து, கூடவே ஈரலும் முட்டையும் சாப்பிடச் சொல்லியிருக்கிறார். "அம்மா மாட்டேங்குறாங்க ஹஜரத், நீங்க சொல்லுங்க" என்றாள். மஃரிபுக்குப் பாங்கு சொல்லச் சில நிமிடங்களே இருந்தன. நான் நின்றபடியே, "அல்லாஹ் ஹலாலாக்கியதை ஹராமாக்க உங்களுக்கு அதிகாரமில்லை. அது பெருந்தவறு. சாப்பிடுங்கள், பிறகு கஃப்பாராவாகப் பத்து ஏழைகளுக்கு உணவளியுங்கள்" என்று சொல்லிவிட்டு ஒளுச் செய்யப் போய்விட்டேன். மஸ்அலாவில் ஓர் எழுத்துக்கூடப் பிழையில்லை. ஆனால் அந்த அம்மையார் கறி சாப்பிடவில்லை. அத்தோடு முட்டையையும் நிறுத்திவிட்டார். நான் "பெருந்தவறு" என்று சொன்னது மட்டுமே அவர் காதில் விழுந்திருக்கிறது. தவறு செய்தவள் இனி இன்னும் கடுமையாக இருந்தால்தானே பிள்ளைக்கு ஒன்றும் வராது என்று அவர் உள்ளம் கணக்குப் போட்டுவிட்டது.

இதைப் பல மாதங்கள் கழித்து மகள் வாயிலாகக் கேட்டபோது வெட்கமாக இருந்தது. ஹிதாயா ஓதிய காலத்தில் இந்தப் பாடத்துக்கு உஸ்தாதிடம் பாராட்டுப் பெற்றவன் நான். மீண்டும் கிதாபைத் திறந்து உட்கார்ந்தேன். இம்முறை விடைக்காக அல்லாமல், அந்தத் தாய்க்காகப் படித்தேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். விடுவது வேறு, ஹராமாக்குவது வேறு. எங்கள் பெருமானார் (ஸல்) அவர்களின் திருச்சமூகத்தில், அன்னை மைமூனா (ரலி) அவர்களின் இல்லத்தில், உடும்பு போன்ற ஒரு பிராணியின் பொரித்த இறைச்சி வைக்கப்பட்டது. நாயகம் (ஸல்) அவர்கள் நீட்டிய கையை எடுத்துக்கொண்டார்கள். இது ஹராமா என்று காலித் பின் வலீத் (ரலி) அவர்கள் வினவ, ஹராமன்று, எம் கூட்டத்தார் நாட்டில் இது இல்லாததால் மனம் ஏற்கவில்லை என்னும் கருத்தில் விடையளித்தார்கள். காலித் (ரலி) அவர்கள் அதைத் தம் பக்கம் இழுத்து வைத்து உண்டார்கள்; நாயகம் (ஸல்) அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள செய்தி இது. ஒரே தஸ்தர்கானில் ஒருவர் உண்ண, ஒருவர் உண்ணாமல் இருக்க, இருவர் மீதும் குற்றமில்லை. உண்ணாதவர் உண்டவரைப் பழிக்கவில்லை. உண்டவரும் உண்ணாதவரை வற்புறுத்தவில்லை. நம் வீட்டுச் சமையலறைகளில் இந்த ஒரு ஹதீஸ் நடைமுறைக்கு வந்தால் எத்தனையோ மாமியார் மருமகள் சண்டைகள் நின்றுபோகும்.

ஹராமாக்குவதோ முற்றிலும் வேறான காரியம். நபித்தோழர்களில் சிலர், உஸ்மான் இப்னு மழ்ஊன் (ரலி) அவர்களைப் போன்றோர், மாமிசத்தையும் உறக்கத்தையும் இல்லறத்தையும் துறந்து துறவிகளைப் போல வாழ எண்ணியபோது, அது தடுக்கப்பட்டது. அல்லாஹ் ஆகுமாக்கிய தூய பொருட்களை நீங்கள் விலக்கிக்கொள்ளாதீர்கள் என்னும் பொருள்பட மாயிதா சூராவின் 87 ஆம் வசனம் அத்தகையோர் விஷயத்தில் இறங்கியதாக முஃபஸ்ஸிர்கள் எழுதுகிறார்கள். நாயகம் (ஸல்) அவர்களே தம் துணைவியர் மனம் கோணக் கூடாதென்று தேனைத் தமக்கு விலக்கிக்கொண்டபோதும், தஹ்ரீம் சூராவின் தொடக்கத்தில் அன்போடு கூடிய கண்டிப்பு வந்தது. சத்தியங்களை அவிழ்க்கும் வழியும் அங்கேயே காட்டப்பட்டது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். நபி யஃகூப் (அலை) அவர்கள் ஒரு நோயின்போது, குணமானால் தமக்குப் பிரியமான உணவை விட்டுவிடுவதாக நேர்ந்து, ஒட்டக இறைச்சியையும் அதன் பாலையும் விலக்கிக்கொண்டார்கள் என்று ஆல இம்ரான் சூராவின் 93 ஆம் வசனத்துக்கான விரிவுரைகளில் காண்கிறோம். அந்த வசனத்தை ஓதும்போதெல்லாம் மதுரை ஆஸ்பத்திரி வராந்தாவில் கையேந்திய நம் தாயின் நினைவு எனக்கு வருகிறது. நோய் வந்தபோது பிரியமான ஒன்றை அல்லாஹ்வின் முன் வைத்துவிடத் துடிப்பது மனித இயல்பு. அது அறியாமையினால் மட்டும் பிறப்பதன்று. முந்தைய ஷரீஅத்தில் அதற்கு இடமிருந்தது. நம் ஷரீஅத்தில் அந்த வாசல் அடைக்கப்பட்டு, வேறு வாசல் திறக்கப்பட்டிருக்கிறது.

அந்த வேறு வாசலைத் தெரிந்துகொள்ள அபூ இஸ்ராயீல் (ரலி) அவர்களின் செய்தியைப் பார்க்கலாம். நாயகம் (ஸல்) அவர்கள் குத்பா ஓதிக்கொண்டிருக்கையில் ஒருவர் வெயிலில் நின்றுகொண்டிருந்தார். யார் என்று விசாரித்தபோது, உட்காருவதில்லை, நிழலில் ஒதுங்குவதில்லை, பேசுவதில்லை, நோன்பு நோற்பது என்று அவர் நேர்ச்சை செய்திருப்பதாகச் சொன்னார்கள். பேசட்டும், நிழலுக்கு வரட்டும், உட்காரட்டும், நோன்பை மட்டும் முழுமையாக்கட்டும் என்னும் கட்டளை பிறந்தது. நான்கில் மூன்றை அவிழ்த்துவிட்டு ஒன்றை நிறைவேற்றச் சொன்னதில், வணக்கம் எது, வெறும் வருத்தம் எது என்பது பிரிந்துவிடுகிறது. கறி தின்னாமல் இருப்பது வணக்கத்தின் இனத்தைச் சேர்ந்ததன்று. ஆகவே ஹனஃபி மத்ஹபில் அது நேர்ச்சையாகவே ஆகாது. ஆனால் "எனக்கு ஹராம்" என்று சொன்ன வாசகம் சத்தியத்தின் இடத்தில் வைக்கப்படும். அதை மீறினால் சத்தியத்தை முறித்ததற்கான கஃப்பாரா உண்டு. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் நம் சகோதரர்களுக்கு, உணவை இப்படி ஹராமென்று சொன்னது வீண் பேச்சாகவே கருதப்படும், கஃப்பாராவும் இல்லை. நாமோ இப்பள்ளத்தாக்கின் ராவுத்தர் சமூகத்தார், ஹனஃபிகள். அந்த அம்மையாருக்கு நம் மத்ஹபின்படிதான் வழி சொல்ல வேண்டும்.

ஹிதாயாவின் ஆசிரியர் இமாம் மர்ஃகீனானி (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 593 இல் மறைந்தவர்கள். மாமிசம் உண்பதில்லை என்று சத்தியம் செய்தவர் எதை உண்டால் சத்தியம் முறியும் என்பதை அவர்கள் எடுத்துக்கொண்டு ஆராய்கிறார்கள். மீன் உண்டால் முறியாது. குர்ஆனில் மீனுக்கும் மாமிசம் என்னும் சொல்லே ஆளப்பட்டிருந்தும் முறியாது. ஏனெனில் சத்தியங்கள் மக்களின் பேச்சு வழக்கைக் கொண்டே அளக்கப்படும். ஈரல், குடல் ஆகியவற்றைப் பற்றி, கூஃபாவாசிகளின் வழக்கில் அவை மாமிசத்தோடு சேரும், வேறு வழக்கில் சேரா என்னும் விவாதமும் அங்கே இருக்கிறது. எங்கள் பக்கம் கடைக்குப் போய்க் "கறி" என்றால் ஆட்டுக்கறிதான் தருவார்கள். கோழி, மீன், மாட்டுக்கறி எல்லாம் பெயர் சொல்லிக் கேட்க வேண்டியவை. "அரைக் கிலோ கறி, கால் கிலோ ஈரல்" என்று பிரித்துத்தான் வாங்குகிறோம். (பழந்தமிழில் கறி என்றால் மிளகு என்றும், இன்றும் சில வீடுகளில் காய்ப் பொரியலையே கறி என்பார்கள் என்றும் கல்லூரித் தமிழாசிரியர் ஒருவர் எனக்குச் சொன்னார். அப்படிப் பார்த்தால் அந்த அம்மையார் ரசத்தையும் விட வேண்டியிருக்கும்!) ஆக, அவர் சொன்ன ஒரு சொல் மீனையும் முட்டையையும் ஒருபோதும் கட்டவில்லை. இருபத்துநான்கு ஆண்டுகளாக மூடிக் கிடந்த கதவுகளில் பாதிக்கு மேல், பூட்டே போடப்படாத கதவுகள்!

மாமிசம் விடுவதில் எத்தனை படிகள் உண்டென்பதை நம் முன்னோர் அறிந்தே இருந்தார்கள். எல்லூரைச் சேர்ந்த ஜஃபர் ஷரீப் என்பார் எழுதி 1832 இல் லண்டனில் ஆங்கிலத்தில் வெளியான "கானூனே இஸ்லாம்" என்னும் நூலில் தக்காண முஸ்லிம்களின் பழக்கவழக்கங்கள் விரிவாக வருகின்றன. நாற்பது நாள் தனித்திருந்து இஸ்முகளை ஓதும் ஆமில்கள் பேணும் பத்தியமும் அதிலே உண்டு. ஒரு வகையில் மாமிசம், மீன், முட்டை, தேன் போன்றவை விலக்கு. மறு வகையில் வெண்ணெய், தயிர், காடி, உப்பு ஆகியவையும் விலக்கு. முன்னதை ஜலாலி என்றும், பின்னதை ஜமாலி என்றும் வழங்கினார்கள். இவற்றுக்கு ஸுன்னத்தில் ஆதாரம் இல்லை. நான் எவருக்கும் இவற்றைச் சிபாரிசு செய்வதும் இல்லை. தவணையோடு கூடிய பத்தியமாக, மருந்து உண்பவன் புளியை விடுவது போல விட்டார்கள் என்று மட்டும் கொள்ளலாம். முகலாய மன்னர் அக்பர் மாமிசமில்லா நாட்களைக் கூட்டிக்கொண்டே போனார். அந்நாட்களுக்கு ஸூஃபியானா என்றே பெயர் வைத்தார்கள். ஜஹாங்கீர் வியாழனும் ஞாயிறும் விட்டார். அரசர்களின் கதை நமக்கு எதற்கு? ஆதாரத்துக்கு அவர்களிடம் போவது வழக்கமில்லை.

நான் மதிப்போடு நினைப்பது நாகூர் ஹமீதுத்தீன் (ரஹ்) அவர்களை. நம் நாகூர் என்று எண்ணிவிட வேண்டாம். இராஜஸ்தானத்தில் உள்ள நாகவுர். ஹாஜா முஈனுத்தீன் சிஷ்தி (ரஹ்) அவர்களின் கலீஃபா. 13 ஆம் நூற்றாண்டினர். சின்னஞ்சிறு நிலமொன்றைத் தம் கையால் உழுது, ஒரு பசுவை வளர்த்துக் கறந்து, அரசர் தந்த மானியத்தை ஏற்காமல் வாழ்ந்தார்கள். துறந்தோரின் அரசர் என்று அவர்களுக்குப் பட்டம். மாமிசம் உண்பதில்லை. தாம் மறைந்த பின் தம் பெயரால் ஓதும் பாத்திஹாவுக்கும் மாமிசம் சமைக்க வேண்டாமென்று சீடர்களிடம் சொல்லிவைத்தார்களாம். ஆயினும் அவர்கள் அதை எவருக்கும் மார்க்கச் சட்டமாக ஆக்கவில்லை. அதே சிஷ்தியாத் தரீக்காவின் மற்ற கான்காஹ்களில் மாமிசம் சமைத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

நம் காலத்துக்கு நெருக்கமாக, நம் மொழியிலேயே பேசிய ஒருவரும் உண்டு. இலங்கை யாழ்ப்பாணத்தில் 1940 களிலிருந்து அறியப்பட்ட பாவா முஹைய்யத்தீன் 1971 இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவுக்குச் சென்று, அங்கேயே 1986 டிசம்பர் 8 இல் காலமானார். தமிழிலேயே பேசுவார், அருகிலிருப்போர் ஆங்கிலத்தில் சொல்வார்கள். 1984 இல் அங்கே ஒரு பள்ளிவாசலும் எழுந்தது. அவருடைய கூட்டத்தாரின் சமையலறையில் மாமிசம் ஏறுவதில்லை, மரக்கறி உணவுதான். அறுப்புக்கு ஷரீஅத் விதித்த நிபந்தனைகளின் உட்கருத்தே அறுப்பைக் குறைப்பதுதான் என்பது அவருடைய விளக்கம். அவருடைய போதனைகள் அனைத்தையும் எடைபோட இங்கே நான் வரவில்லை. இந்த விளக்கத்தைப் பற்றி மட்டும் சொல்வேன்: ஃபுகஹாக்கள் எவரும் அந்நிபந்தனைகளுக்கு இப்படிக் காரணம் சொன்னதாக நான் படித்ததில்லை. ஆனால் அந்நிபந்தனைகளை உள்ளபடி நிறைவேற்றினால் அறுப்பு குறையத்தான் செய்யும் என்பதையும் என்னால் மறுக்க முடியவில்லை. கத்தியைத் தீட்டு, பிராணியின் கண்ணெதிரே தீட்டாதே, அதற்கு இளைப்பாறுதல் கொடு, இன்னொன்றின் முன் அறுக்காதே என்று நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. எந்தக் கோழிக்கடையில் இவ்வளவும் நடக்கிறது?

இந்தக் கேள்வியைக் கேட்டவன் நானல்லன். கல்லூரியில் படிக்கும் ஓர் இளைஞன். விடுமுறையில் கோழிக்கடையில் வேலைக்கு நின்றிருக்கிறான். பல்லடம் பக்கமிருந்து இரவெல்லாம் லாரியில் வரும் பிராய்லர் கோழிகள் கூண்டுக்குள் மிதிபட்டுச் சாவதையும், பத்துப் பதினைந்தைக் காலைக் கட்டி மோட்டார் சைக்கிளில் தலைகீழாகத் தொங்கவிட்டுப் போவதையும், ஒன்றின் கண்முன் ஒன்றாக அறுத்துத் துடிக்கத் துடிக்க டிரம்மில் போடுவதையும் பார்த்திருக்கிறான். "ஹலால்தான்னு தெரியுது ஹஜரத். தொண்டைக்குள்ள எறங்க மாட்டேங்குது" என்றான். வீட்டில் அத்தா அவனை "அய்யராயிட்டியா?" என்று ஏசுகிறார். அந்தத் தகப்பனாருக்கு நான் சொன்னது இது: 2014 ஆம் ஆண்டு மத்திய அரசு எடுத்த கணக்கில் தமிழ்நாட்டில் பதினைந்து வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் மாமிசம் உண்பவர்கள். கறி தின்பதை முஸ்லிமின் அடையாளமாக்கினால் இப்பள்ளத்தாக்கு முழுவதுமே நம் ஜமாஅத்தில் சேர்ந்துவிடும்! கறி உண்பது ஈமானின் ருகுன்களில் ஒன்றன்று. உங்கள் மகன் உடும்பு ஹதீஸின் நிழலில் நிற்கிறான், அவனை விட்டுவிடுங்கள்.

மகனோ அடுத்த தடவை வந்தபோது ஒரு படி ஏறிவிட்டான். குர்பானியே கொடுமையென்று பேசினான். அங்கேதான் அவனைத் தடுத்தேன். சிரியாவின் மஅர்ரா ஊரில் கி.பி. 973 முதல் 1057 வரை வாழ்ந்த கண் தெரியாத கவிஞர் அபுல் அலா, மாமிசம் மட்டுமின்றிப் பால், முட்டை, தேன் அனைத்தையும் விட்டவர். எகிப்தின் ஃபாத்திமியர் அரசில் தலைமைப் பிரசாரகராக இருந்த முஅய்யத் என்பவர் அவருக்குக் கடிதமெழுதி, படைத்தவனைவிடவா உமக்கு இரக்கம் அதிகம் என்னும் கருத்தில் மடக்கினார். கவிஞர் தம் வறுமையையும் ஒரு காரணமாகக் காட்டிப் பதிலெழுதினார். அவருடைய மார்க்கப்பற்றைப் பற்றி ஆலிம்கள் சந்தேகித்தார்கள். இரக்கத்தினால் கையை எடுத்துக்கொண்ட வரைக்கும் அவரை யாரும் கேட்டிருக்க முடியாது. இரக்கத்தைத் தராசாக்கி ஷரீஅத்தை நிறுக்கத் தொடங்குமிடத்தில்தான் கால் வழுக்குகிறது. அந்த இளைஞனிடம், "உன் மீது குர்பானி வாஜிபானால் கொடுத்தே ஆக வேண்டும். கத்தியை நன்றாகத் தீட்டுகிற ஆளாகப் பார்த்துக் கொடு. அதன் இறைச்சியில் உண்பது விரும்பத்தக்கதே தவிரக் கட்டாயமன்று, முழுவதையும் ஏழைகளுக்குப் பங்கிட்டுவிடலாம்" என்றேன். ஏற்றுக்கொண்டான். கோழிக்கடைக்காரர்களிடம் நாம் என்ன பேசப்போகிறோம் என்று அவன் திருப்பிக் கேட்டதற்கு மட்டும் என்னிடம் உடனே பதில் இல்லை. அதற்கடுத்த ஜும்ஆவில் அறுப்பின் ஒழுக்கங்களைப் பற்றிப் பேசினேன். இரண்டு கடைக்காரர்கள் என்னிடம் ஸலாம் சொல்வதைச் சில வாரங்கள் நிறுத்திக்கொண்டார்கள்.

மாட்டிறைச்சியை மட்டும் விட்டவர்களும் இருக்கிறார்கள். கம்பத்தில் நந்தகோபாலன் கோவிலைச் சார்ந்த தம்பிரான் மாட்டுத் தொழுவுக்கு மாட்டுப் பொங்கலன்று கூட்டங்கூட்டமாக மக்கள் போவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அண்டை வீட்டார் மனம் நோகக் கூடாதென்று ஒருவர் தம் வீட்டில் அதைச் சமைக்காதிருப்பது அண்டையாரின் ஹக்கைப் பேணியதாகும். 1919 டிசம்பரில் அமிர்தசரஸில் கூடிய முஸ்லிம் லீக் மாநாட்டில், தலைமை வகித்த ஹகீம் அஜ்மல் கான் பசுவை விட்டு வேறு பிராணிகளைக் குர்பானி கொடுக்குமாறு முஸ்லிம்களைக் கேட்டுக்கொண்டார். இமாம் ரப்பானி ஸிர்ஹிந்தி (ரஹ்) அவர்களோ இந்நாட்டில் பசுவை அறுப்பதை இஸ்லாமியச் சின்னங்களில் ஒன்றாகவே கண்டார்கள். இரண்டும் நம் முன்னோர் சொன்னவையே. தானாக விரும்பி விட்டுக்கொடுப்பது ஒன்று. தடிக்குப் பயந்து விடுவது மற்றொன்று. முன்னதில் அன்பு வளரும். பின்னதை விட்டுக்கொடுத்தல் என்று நாம் பெயரிட்டு நம்மையே ஏமாற்றிக்கொள்ளக் கூடாது.

எவரும் கேட்காத, கேட்டிருக்க வேண்டிய கேள்வியொன்று உண்டு. ஆட்டுக்கறி கிலோ எண்ணூறு ரூபாயைத் தாண்டிவிட்ட இந்நாளில், கறியில்லாமல் கல்யாணம் செய்தால் ஊர் என்ன சொல்லும் என்று அஞ்சி வட்டிக்குக் கடன் வாங்கும் ஏழைத் தகப்பனுக்கு அந்தக் கறி எப்படி இறங்குகிறது? அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்களை மணந்தபோது நாயகம் (ஸல்) அவர்கள் கொடுத்த வலீமாவில் ரொட்டியும் இல்லை, இறைச்சியும் இல்லை. பேரீச்சம்பழமும் பாலாடைக் கட்டியும் நெய்யும்தான் இருந்தன. மாமிசத்துக்கு மதுவைப் போன்ற ஓர் இழுப்பு உண்டென்று எச்சரித்தவர்கள் உமர் (ரலி) அவர்கள். ஹிஜ்ரி 18 ஆம் ஆண்டுப் பஞ்சத்தில், மக்களின் பசி தீரும்வரை நெய்யும் பாலும் மாமிசமும் தொடுவதில்லை என்று எண்ணெயைத் தொட்டு ரொட்டி தின்று, வயிறு இரைந்தபோதும் உறுதியாக இருந்தார்கள். அப்பஞ்சம் நீங்கியதும் அந்த விரதமும் நீங்கிற்று. மாமிசம் விடுவதன் படிகளிலெல்லாம் உயர்ந்தது இதுவே என்பது என் எண்ணம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் அலீ (ரலி) அவர்களின் பெயரால் ஒரு கருத்தை எடுத்தெழுதுகிறார்கள்: நாற்பது நாள் மாமிசத்தை அடியோடு விட்டவனின் குணம் கெடும்; நாற்பது நாள் விடாது தின்றவனின் உள்ளம் இறுகும். இரண்டு பக்கமும் வேலி போட்ட பாதை இது.

உடம்பின் ஹக்கும் இருக்கிறது. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை. இதில் கறி உண்பவர்களும் அடக்கம். ஆகவே கறியை விட்டதே காரணமென்று சொல்லிவிட முடியாது. ஆயினும் இறைச்சியிலுள்ள இரும்புச் சத்து உடலில் எளிதில் சேர்கிறது; முருங்கைக்கீரையிலும் கேழ்வரகிலும் உள்ளது அவ்வளவு எளிதில் சேராது. கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொண்டால் கூடுதலாகச் சேரும். சாப்பிட்டவுடன் தேநீர் குடித்தால் குறைந்துபோகும். பி12 என்னும் சத்து பிராணிகளிடமிருந்து வரும் உணவில்தான் உண்டு. பாலும் முட்டையும் எடுத்துக்கொள்பவர் ஓரளவு சமாளிக்கலாம். எல்லாவற்றையும் விட்டவர் மாத்திரையாவது எடுத்துக்கொள்ள வேண்டும். விடுகிற பிள்ளையை ஏசுவதைவிட இவற்றை வீட்டுத் தாய்மார்கள் தெரிந்து வைத்திருப்பது நலம்.

சென்ற கார்த்திகையில் நானே அந்த அம்மையாரின் வீட்டுக்குப் போனேன். மகளும் மருமகளும் உடனிருந்தார்கள். இம்முறை பாங்குக்கு நேரமிருந்தது. முதலில் யஃகூப் நபி (அலை) அவர்களின் செய்தியைச் சொன்னேன். அவர் கண் கலங்கிவிட்டார். ஒரு நபியும் தம்மைப் போலவே நேர்ந்தார்கள் என்பது அவருக்குப் புதிய செய்தி. பிறகு, "மீனையும் முட்டையையும் நீங்கள் ஒருபோதும் ஹராமாக்கவில்லை அம்மா, இன்றிரவே சாப்பிடலாம்" என்றேன். ஈரல் விஷயத்தில் நம் ஊர் வழக்குப்படி தப்பிக்க ஒரு வழியிருந்தும், அதை நான் காட்டவில்லை. அவர் மனத்தில் அன்று ஈரலும் கறியாகவே இருந்திருக்கிறது. சந்து வழியாகத் தப்பியவருக்கு அச்சம் தீராது.

"தின்னா எம்புள்ளைக்கு ஏதாவது ஆயிருமா ஹஜரத்?" என்று கடைசியில் கேட்டுவிட்டார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர் கேட்க வந்ததும் இதுதான். நான் கேட்க விடவில்லை. நேர்ச்சை விதியில் எதையும் முன்பின் ஆக்குவதில்லை, உலோபியின் கையிலிருந்து கொஞ்சம் வெளியே எடுப்பதற்குத்தான் பயன்படுகிறது என்னும் கருத்துள்ள நபிமொழியைச் சொன்னேன். "உங்கள் பிள்ளையைத் திருப்பித் தந்தவன் அல்லாஹ். ஒரு துண்டுக் கறியை விலையாக வாங்கிக்கொண்டு அவன் தரவில்லை. மலைப்பாதையில் தினமும் அவரைக் காப்பதும் உங்கள் பட்டினிக்காக அல்ல" என்றேன். அவர் வெகுநேரம் பேசவில்லை.

கஃப்பாராவை முன்கூட்டியே கொடுத்துவிட்டுப் பிறகு சாப்பிடலாமா என்று மகள் கேட்டாள். நம் மத்ஹபில் சத்தியம் முறிந்த பின்னரே கஃப்பாரா செல்லும். ஆகவே முதலில் ஒரு கவளமாவது உண்டாக வேண்டும். அந்த ஒரு கவளத்துக்கு அவருக்கு ஒன்பது நாட்கள் ஆயின. ஒரு வியாழன் இரவு, மகன் ஜீப்பை நிறுத்திவிட்டு வந்து எதிரே உட்கார்ந்த பிறகு, அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஈரலில் ஒரு துண்டு வாயில் வைத்திருக்கிறார். மறுநாள் காலை அவனை வழியனுப்பிவிட்டு அவன் திரும்பும் வரை முஸல்லாவிலேயே இருந்தாராம்.

பத்து மிஸ்கீன்களுக்கு இருவேளை வயிறார உணவு. இருவேளையும் அதே பத்துப் பேராக இருக்க வேண்டும். யாருக்குக் கொடுப்பதென்று அவரே கண்டுபிடித்துவிட்டார். மகனுடைய ஜீப்பில் மலைக்கு ஏலக்காய் பறிக்கப் போகும் கூலிப் பெண்களில் மிக ஏழைகளாகப் பத்துப் பேரைத் தேர்ந்து, விடியற்காலையில் ஜீப் புறப்படுமுன் ஒரு வேளை, மாலையில் இறங்கியதும் ஒரு வேளை. அவர்களில் முஸ்லிமல்லாத பெண்கள் இருக்கிறார்களே, கூடுமா என்று ஆள் விட்டுக் கேட்டார். ஸகாத் போலன்றிக் கஃப்பாராவை அவர்களுக்கும் கொடுக்கலாம் என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து என்று சொல்லியனுப்பினேன். நெய்ச்சோறும் தாளிச்சாவும் ஆக்குவதாகத்தான் பேச்சு. ஆனால் கார்த்திகை மாதமல்லவா? அப்பெண்களில் நால்வர் வீட்டில் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார்கள். ஆகவே இருவேளையும் சோறும் சாம்பாரும் கத்திரிக்காய்க் கூட்டும் பாயசமும் ஆக்கிப்போட்டார். மருமகள் வந்து இது செல்லுமா என்று கேட்டாள். வயிறு நிறைந்தால் செல்லும் என்றேன்.

இப்போது அவர் மீனும் முட்டையும் சாப்பிடுகிறார். ஈரல் மருந்துக்காக வாரம் ஒரு முறை. ஆட்டுக்கறி மட்டும், "பழக்கம் விட்டுப் போச்சு ஹஜரத், வாசன பிடிக்கல" என்று தட்டிலிருந்து எடுத்து மகன் தட்டில் வைத்துவிடுகிறாராம். அது ஹராம் என்று சொல்வதில்லை. வைத்துக்கொள்ளட்டும் என்று மருமகளிடம் சொன்னேன்.